கடைசல் இல்லாத பட்டறை



மக்தபில் சிறுவர்களுக்கு ஓதிக் கொடுக்கும் ஒருவன் இரும்புப் பட்டறையைப் பற்றி எழுதப் புகுவது உங்களுக்கு விந்தையாகத் தோன்றலாம். நான் வரலாற்றுப் பாடத்தில் பி.ஏ. பட்டம் பெற்றவன். எண்ணெய்க் கறை படிந்த கைகளைக் கண்டால் என் வெள்ளைச் சட்டையைச் சற்றே ஒதுக்கிக் கொள்ளும் பழக்கம் அண்மைக் காலம் வரை எனக்கு இருந்தது என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் உண்ட சோறும், உடுத்த துணியும், கல்லூரியில் கட்டிய கட்டணமும் ஒரு லேத் இயந்திரத்திலிருந்து வந்தவை. அந்த லேத் எங்களை விட்டுப் போன பிறகு நடந்தவற்றை உங்களிடம் சொல்ல வேண்டுமென்று சில மாதங்களாகவே எண்ணிக் கொண்டிருந்தேன்.

என் மர்ஹூம் அத்தா கோயம்புத்தூரில் சிறியதொரு பட்டறை நடத்தி வந்தார். மோட்டார் பம்புக்கும் கிரைண்டருக்கும் பெயர் பெற்ற ஊர் அல்லவா? அவற்றுக்கு வேண்டிய புஷ், பின், ஷாஃப்ட் போன்ற சில்லறை உறுப்புகளைக் கடைசல் பிடித்துக் கொடுப்பதே அவருடைய தொழில். ஆறடி நீள லேத் ஒன்று, பழையதாக வாங்கிய மில்லிங் மெஷின் ஒன்று, ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு சாணைக்கல். இவ்வளவுதான் சொத்து. என் அண்ணன் பள்ளிப் படிப்பை முடித்த மறுவாரமே அந்த லேத்தின் முன்னால் நின்றவர். நான் புத்தகத்தின் முன்னால் அமர்ந்தவன்.

2019-ஆம் ஆண்டில் அத்தா வஃபாத்தானார். தாயார், நாங்கள் இருவர், ஒரு தங்கை. சொத்தைப் பங்கிடாமலே இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. அதற்குள் பெருந்தொற்று வந்து பட்டறை பல மாதம் மூடிக் கிடந்தது. தங்கையின் கணவருக்கு வேலை போயிற்று. அவள் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்க வைக்கக் கூடாது என்று நான் எண்ணினேன். மற்றவர்களுக்கு வாரிசுரிமைச் சட்டம் சொல்லிக் கொடுப்பவன் தன் வீட்டில் வாய்மூடி இருப்பது முறையா? ஒரு நாள் அனைவரையும் உட்கார வைத்துக் கணக்கிட்டேன். மொத்தத்தை 40 பங்காக்கினால் தாயாருக்கு எட்டில் ஒன்று, அதாவது 5. மீதி 35-இல் ஆண்மக்கள் இருவருக்கும் தலா 14, தங்கைக்கு 7. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அதற்குப் பிறகுதான் பிழை செய்தேன். "லேத்தை விற்றால் உடனே பணமாகிவிடும்" என்று நானே சொன்னேன்.

மில்லிங் மெஷினை விலைக்குக் கேட்க ஆள் இல்லை. மேசையில் தேய்மானம் கண்ட பழைய இயந்திரம் அது. லேத்துக்கோ ஒரே வாரத்தில் மூன்று பேர் வந்தார்கள். அண்ணன் மறுப்புச் சொல்லவில்லை. லாரியில் ஏற்றும்போது, அத்தா கையால் தடவித் தடவி மழுங்கிப் போயிருந்த அந்தக் கைச்சக்கரத்தை ஒரு முறை துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். தங்கைக்குரிய பங்கு தங்கையிடம் போய்ச் சேர்ந்தது. நான் என் பங்கையும் வாங்கிக் கொண்டேன்.

அன்று முதல் அவர் என்னைத் "தம்பி" என்று அழைப்பதை நிறுத்திவிட்டார். ஊரார் அழைப்பது போலவே "ஹஜ்ரத்" என்றார். "வாங்க ஹஜ்ரத்", "உட்காருங்க ஹஜ்ரத்". மரியாதையில் எள்ளளவும் குறைவில்லை. அந்த மரியாதை எப்படிச் சுடும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

2023-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு காலைப் பொழுது தாயார் ஆளனுப்பினார்கள். "உங்க அண்ணன் கை வீங்கிக் கிடக்கு. என்ன ஏதுன்னு கேட்டா பதில் இல்லை. நீயாவது போய்ப் பாரு" என்றார்கள்.

போய்ப் பார்த்தேன். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தார். நடந்தது இதுதான். கவிழ்த்து மாவை எடுக்கும் டில்டிங் கிரைண்டருக்கான 300 பின்கள் வேண்டுமென்று ஒரு தயாரிப்பாளர் கேட்டிருக்கிறார். 12 மில்லிமீட்டர் கனமுள்ள கம்பியில் 60 மில்லிமீட்டர் நீளத் துண்டு. அதன் ஒரு முனையில் 15 மில்லிமீட்டர் நீளத்துக்கு மட்டும் 10 மில்லிமீட்டராகக் குறைக்க வேண்டும். லேத் இருந்தால் இது குழந்தை விளையாட்டு. வெளியில் கொடுத்துக் கடைசல் பிடித்தால் கூலிக்கே எல்லாம் போய்விடும். வேலையை விட்டால் அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார். எனவே மில்லிங் மெஷினில், துளையிடும் சக்கில் கம்பியை மாட்டிச் சுழலவிட்டு, பக்கத்தில் கத்தியை வைத்துச் சீவிப் பார்த்திருக்கிறார். நாலைந்து துண்டு சரியாக வந்தது. ஆறாவதில் சக்கே கழன்று விழ, கம்பி தெறித்து மணிக்கட்டில் அடித்துவிட்டது.

வாசகர்களே, இங்கே சற்று விளக்க வேண்டும். எனக்கே அப்போதுதான் விளங்கியது. லேத்தில் வேலைத்துண்டு சுழலும். பட்டறையில் அதை ஜாப் என்பார்கள். கத்தி சுழலாது, மெல்ல நகர்ந்து சீவும். மில்லிங் மெஷினில் இது தலைகீழ். கத்தி சுழலும், ஜாப் மேசையில் இறுகப் பிடிக்கப்பட்டு மேசையோடு நகரும். ஆனால் உலோகத்துக்குத் தெரிவதெல்லாம் ஒன்றுக்கொன்று உள்ள நகர்ச்சிதான். எது சுழல்கிறது, எது நிற்கிறது என்று அது கேட்பதில்லை. மில்லிங் மெஷினின் ஸ்பிண்டிலில் கத்திக்குப் பதிலாக ஜாப்பை மாட்டி, மேசையிலுள்ள வைஸில் லேத் கத்தியைப் பிடித்துவிட்டால், அது செங்குத்தாக நிற்கும் லேத் ஆகிவிடுகிறது. அண்ணனின் எண்ணத்தில் தவறில்லை. பிடித்த பிடிதான் தவறு. துளையிடும் சக் ஒரு சிறு கூம்பில் அழுத்திப் பொருத்தப்பட்டது. கீழ்நோக்கி அழுத்தும் வேலைக்கு அது போதும். பக்கவாட்டில் இடித்துக் கொண்டே இருந்தால் நெகிழ்ந்து கழன்றுவிடும்.

"கோலெட்டில் பிடிக்க வேண்டியது. 12 சைஸ் இல்லை" என்றார், சுவரைப் பார்த்துக் கொண்டு.

கோலெட் என்ற சொல்லை நான் அன்றுதான் கேட்டேன். மூலையில் எண்ணெய்த் தாளில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்துக் காட்டினார். நெடுக வகிர்ந்த எஃகுக் குழல் அது. வெளிப்புறம் கூம்பு வடிவம். அதற்கேற்ற கூம்புக் குழியில் இழுத்து இறுக்கினால் வகிர்ந்த பகுதிகள் நெருங்கி, உள்ளே இருக்கும் உருளையைச் சுற்றிலும் சமமாகப் பற்றிக் கொள்ளும். மூன்று தாடை சக் மூன்று இடத்தில் கடிக்கும். கோலெட் முழு உள்ளங்கையால் பற்றும். அதனால் ஜாப்பில் காயம் படுவதில்லை, ஆட்டமும் குறைவு.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அண்ணனுக்கு ஆங்கிலக் கையேடுகளைப் படித்துப் பழக்கமில்லை. எனக்கோ படிப்பதைத் தவிர வேறு எதுவும் பழக்கமில்லை. பழைய மில்லிங் மெஷினோடு வந்த கையேடு, கருவிக் கடைகளின் விலைப்பட்டியல் நூல்கள், தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான பாடநூல் என்று கைக்குக் கிட்டியதை எல்லாம் சேர்த்துக் கொண்டு உட்கார்ந்தேன். தேர்வுக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை.

எங்கள் இயந்திரம் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள பிரிட்ஜ்போர்ட் நகரில் 1938-இல் விற்பனைக்கு வந்த ஓர் இயந்திரத்தின் வழித்தோன்றல் என்று அறிந்தேன். உலகெங்கும் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். அதன் ஸ்பிண்டில் குழிக்கு ஆர் 8 என்று பெயர். ஆர் 8 கோலெட்டை நேரே அதில் செருகி, மேலிருந்து வரும் நீண்ட திருகுத் தண்டால் இழுத்து இறுக்குவார்கள். கத்தி மாட்ட அது போதும். 300 பின்னுக்கு அது ஆகாது. ஒவ்வொரு துண்டுக்கும் இயந்திரத்தின் உச்சியில் ஸ்பேனரை வைத்துத் தண்டைத் தளர்த்தி, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி இறக்க வேண்டும். ஏணியில் ஏறி இறங்கிக் குத்துவிளக்கு ஏற்றுவது போன்ற வேலை. லேத்களுக்கென்று அமெரிக்க நாட்டு ஹார்டிஞ்ச் நிறுவனம் பரப்பிய 5 சி கோலெட்டும் உண்டு. ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான கம்பிகூட அதனூடே நுழைந்து போகும். ஆனால் அது எங்கள் ஸ்பிண்டிலில் உட்காராது.

எங்களுக்கு உதவியது ஈ.ஆர். என்னும் வகை. சுவிட்சர்லாந்தின் ரெகோ-ஃபிக்ஸ் நிறுவனம் 1973-இல் உருவாக்கியது. இதன் சக்கை ஆர் 8 குழியில் ஒரு முறை மாட்டிவிட்டால் போதும். கோலெட்டை இறுக்குவதும் தளர்த்துவதும் கீழே கைக்கெட்டும் உயரத்திலுள்ள ஒரு மரையால்தான். இரு முனைகளிலிருந்தும் மாறி மாறி வகிரப்பட்டிருப்பதால் இந்தக் கோலெட் நீளம் முழுவதும் ஒரே சீராகச் சுருங்கும். ஈ.ஆர். 32 என்ற அளவில் ஒவ்வொரு கோலெட்டும் ஒரு மில்லிமீட்டர் வரை சுருங்கும்; 12 என்று பொறித்தது 12 முதல் 11 வரை பிடிக்கும். 12-க்கு மேல் மயிரிழை கூடினாலும் உள்ளே நுழையாது. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

கடைக்குப் போய் சக்கையும் 12 கோலெட்டையும் நானே வாங்கி வந்தேன். அண்ணன் வாங்கிப் பார்த்தார். "எவ்வளவு ஆச்சு, ஹஜ்ரத்?" என்றார். நான் பதில் சொல்லாமல் மாட்டத் தொடங்கினேன். அங்கேதான் என் புத்தகப் படிப்பின் இலட்சணம் வெளிப்பட்டது.

கோலெட்டைச் சக்கின் குழியில் வைத்து, அதன்மேல் மரையைத் திருகி இறுக்கினேன். கம்பியைச் சுழலவிட்டு டயலை வைத்தால் முள் 15 கோடு ஆடுகிறது. ஒரு கோடு என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. கோலெட்டை வெளியே எடுக்கலாம் என்றால் வரவும் மாட்டேன் என்கிறது. அரை மணி நேரம் போராடிய பின் படத்தை மீண்டும் உற்றுப் பார்த்தேன். ஈ.ஆர். கோலெட்டின் கழுத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. மரையின் உள்ளே ஒரு பக்கம் தள்ளிய விளிம்பு ஒன்று இருக்கிறது. முதலில் கோலெட்டைச் சாய்த்து அந்த விளிம்பில் 'கிளிக்' என்று மாட்டிக் கொண்டு, பிறகே இரண்டையும் சேர்த்துச் சக்கில் திருக வேண்டும். அப்போதுதான் அது நேராக உட்காரும். தளர்த்தும்போது மரையே அதை வெளியே இழுத்து வரும். முறையாக மாட்டியதும் முள் இரண்டு கோட்டுக்குள் அடங்கியது.

அடுத்தது கத்தி. "வலப்பக்கம் வைப்போம், எனக்கு வலக்கைதானே வாகு" என்று நான் சொன்னேன். சாணை பிடித்த முகம் என்னைப் பார்க்கும்படி வைஸில் படுக்க வைத்துப் பிடித்தேன். இயந்திரத்தை ஓட்டி மேசையை நகர்த்தினால் கீச்சென்ற ஓசை, புகை, கருகல் நாற்றம். சீவலே வரவில்லை. அண்ணன் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் சிரித்துவிட்டார். இரண்டு ஆண்டுக்கு மேலாகி விட்டது நான் அவருடைய சிரிப்பைக் கேட்டு.

"முதுகைக் காட்டிக் கிட்டுச் சண்டை போடுறியே. ஜாப் எந்தப் பக்கமிருந்து வருது பாரு" என்றார்.

மேலிருந்து பார்த்தால் ஸ்பிண்டில் கடிகாரம் போல் சுழல்கிறது. வலப்பக்கத்தில் ஜாப்பின் மேற்பரப்பு பின்னாலிருந்து நம்மை நோக்கி வரும். கத்தியின் முகம் அதை எதிர்கொள்ள வேண்டுமானால் அந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். நான் வைத்ததில் அதன் முதுகுதான் தேய்ந்து கொண்டிருந்தது. கத்தியை இடப்பக்கம் வைத்தால் அங்கே மேற்பரப்பு நம்மிடமிருந்து விலகிப் போகும். முகம் நம்மைப் பார்த்தபடியே இருக்கலாம், சீவுவதைக் கண்ணால் பார்க்கவும் செய்யலாம். லேத்தில் பயன்படுத்திய அதே வலக்கைக் கத்தி, ஒரு மாற்றமும் இல்லாமல், இடப்பக்கத்தில் அப்படியே பொருந்தியது. அத்தா சாணை பிடித்து வைத்திருந்த கத்திகள் மேசை இழுப்பறையில் இருந்தன. அவற்றை அண்ணன் லேத்தோடு விற்கவில்லை என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னொரு வசதியும் கிடைத்தது. லேத்தில் கத்தியின் நுனியை மையத்துக்குக் கொண்டுவர அடியில் தகடு கொடுத்துக் கொடுத்து உயர்த்த வேண்டுமாம். இங்கே மேசையின் முன்பின் கைப்பிடியைச் சற்றுத் திருப்பினாலே நுனி மையத்துக்கு வந்துவிடும். துண்டின் முகத்தைச் சீவிப் பார்த்து, நடுவில் சிறு குமிழ் மிஞ்சாமல் போகும்வரை திருப்பி, பிறகு அந்தப் பக்கத்தைப் பூட்டிவிட வேண்டும்.

முதல் பின்னில் நான் இன்னொரு முறை தலைகுனிந்தேன். 2 மில்லிமீட்டர் குறைய வேண்டும் என்று மேசையை 2 மில்லிமீட்டர் நகர்த்தச் சொன்னேன். நல்ல வேளையாக அண்ணன் நகர்த்தவில்லை. சுழலும் பொருளில் ஒரு பக்கம் 1 சீவினால் விட்டத்தில் 2 குறையும். முதல் சீவல் 0.5, அடுத்தது 0.4, இறுதி மெருகுக்கு 0.1 என்று பிரித்துக் கொண்டோம். வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. மென்எஃகை ஹைஸ்பீடு கத்தியால் சீவ நிமிடத்துக்கு 25 மீட்டர் அளவு வைத்துக் கொண்டால், 12 மில்லிமீட்டர் கம்பி நிமிடத்துக்கு ஏறத்தாழ 660 சுற்றுச் சுழல வேண்டும். எங்கள் இயந்திரத்தில் அதற்கு அடுத்துக் கீழே இருந்த வேகத்தில் ஓட்டினோம்.

ஒவ்வொரு துண்டும் ஒரே அளவு வெளியே நீட்டிக் கொண்டிருக்க வேண்டுமே, அதற்கு அண்ணன் செய்த உபாயத்தை நீங்கள் ரசிப்பீர்கள். 16 மில்லிமீட்டர் கனமுள்ள சிறு துண்டொன்றை வெட்டி, இரு முனையும் மட்டமாக்கி, கோலெட்டுக்கு மேலே சக்கின் குழிக்குள் போட்டுவிட்டார். கோலெட் துளையைவிட அது பருமனாகையால் கீழே விழாது. பின்னைக் கீழிருந்து செருகி மேலே தள்ளினால் அந்தத் துண்டு குழியின் முட்டில் போய் நிற்கும். எப்போதும் 18 மில்லிமீட்டர் வெளியே. அளவுகோலே வேண்டாம்.

இனி உருளையை நீளவாக்கில் சீவ வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஸ்பிண்டிலைத் தாங்கியுள்ள குவில் என்ற உருளையைக் கீழே இறக்கலாம். அல்லது மேசையை மேலே ஏற்றலாம். குவிலில் ஆட்டம் இருக்கிறது, சீவும்போது அதிர்கிறது என்று சொல்லி அண்ணன் மேசையை ஏற்றச் சொன்னார். ஏற்றும் பொறுப்பு என்னுடையது. கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு மேசை 2.5 மில்லிமீட்டர் உயரும். 15 மில்லிமீட்டருக்கு 6 சுற்று மேலே, 6 சுற்றுக் கீழே. ஒரு பின்னுக்கு மூன்று சீவல் என்றால் 36 சுற்று. 300 பின்னுக்கு 10,800 சுற்று! இருபது பின் முடிவதற்குள் என் தோள்பட்டை அழத் தொடங்கிவிட்டது. அதைவிடக் கொடுமை, அந்த இருபதும் சரிவாக இருந்தன. நுனியில் ஓர் அளவு, அடியில் ஐந்து கோடு வித்தியாசம்.

கத்தி மழுங்கிவிட்டதோ, கோலெட் கெட்டதோ, கம்பி வளைகிறதோ என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இரவு பதினொரு மணி ஆகிவிட்டது. என் தோளைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, "குவிலிலேயே ஓட்டிப் பார்ப்போம்" என்று அண்ணன் சொன்னார். குவிலின் பூட்டை முழுவதும் தளர்த்தாமல் லேசான இறுக்கத்தில் வைத்து, ஆட்டத்தைக் கட்டுப்படுத்தினார். மேசையை ஏற்றி வைத்துக் கொண்டதால் குவில் கொஞ்சமாகத்தான் வெளியே நீண்டது. சீவினோம். அதிர்வு இல்லை. அளந்தால் சரிவும் இல்லை!

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் அந்த இயந்திரத்தின் தலையையே பார்த்தார். பிறகு எழுந்து சென்று சாக்பீஸால் சுவரில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். இந்த வகை மெஷினின் தலை இடம் வலமாகச் சாயக்கூடியது. மயிரிழை சாய்ந்திருக்கிறது. மேசை செங்குத்தாக ஏறுகிறது. ஜாப்போ சாய்ந்த அச்சில் சுழல்கிறது. கத்தி போகும் வழியும் ஜாப்பின் அச்சும் இணையாக இல்லை, அதனால் சரிவு. குவில் இறங்கும்போது ஜாப் தன் அச்சின் வழியாகவே இறங்குகிறது. தலை சாய்ந்திருந்தாலும் அதற்கு அக்கறையில்லை. பள்ளிப்படிப்போடு நின்றவர் அன்று எனக்குக் கற்பித்த வடிவக்கணிதம் அது. வகுப்பில் நான் அல்-ஜஸரியைப் பற்றிப் பெருமையோடு சொல்வதுண்டு. 1206-ஆம் ஆண்டில் தம் பொறிகளைப் பற்றி நூல் எழுதி முடித்தவர். அரசவைக்குப் பொறிகள் செய்து கொடுத்த கைவினைஞர். எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு பொறியாளரைக் கொண்டாடத் தெரிந்த எனக்கு, அடுத்த தெருவில் இருந்த பொறியாளரைத் தெரியவில்லை.

குவிலின் ஆழத் தடுப்பை 15-இல் நிறுத்திவிட்டபின் வேலை ஓடத் தொடங்கியது. அண்ணன் சீவுவார், நான் அளந்து, பிசிறு தட்டி, அடுக்கி வைப்பேன். சீவல் சுருள் நீளமாக வந்தால் கையால் இழுக்கக் கூடாது, கொக்கியால்தான் எடுக்க வேண்டும் என்பதையும், தொங்கும் ஜிப்பாக் கையோடு அந்த இயந்திரத்தின் அருகே வரவே கூடாது என்பதையும் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இஷா தொழுகை முடிந்ததும் போய்ப் பதினொரு மணி வரை இருப்பேன். லேத்தில் நாலு நிமிடத்தில் ஆகும் பின் எங்களுக்கு ஒன்பது நிமிடம் எடுத்தது. ஏறக்குறைய பதினெட்டு இரவுகள்.

எத்தனையாவது இரவு என்று நினைவில்லை. நானே பேச்சைத் தொடங்கினேன்.

"அண்ணே, தங்கச்சிக்குக் கொடுத்தது தப்பில்லைதானே?"

"அதை யார் தப்புன்னா?" என்றார். இயந்திரத்தை நிறுத்திவிட்டார். "அவ பங்கை நான் மாசாமாசம் கட்டியிருப்பேன். உன் பங்குக்கு நீ பொறுத்திருக்கக் கூடாதா? லேத்தை வித்தாத்தான் கணக்குத் தீரும்னு நீ சொன்னப்ப, அம்மா முகத்தைப் பார்த்தியா?"

நான் பார்க்கவில்லை. அன்று நான் பார்த்துக் கொண்டிருந்தது என் கையிலிருந்த கணக்குத் தாளை. எட்டில் ஒன்று, பதினான்கு, ஏழு. உரியவருக்கு உரியதைக் கொடுக்க வேண்டும் என்ற என் பேச்சில் இன்றும் நான் மாறவில்லை. தவணை என்ற ஒன்று உண்டு என்பதும், என் பங்குக்கு நான் காத்திருக்கலாம் என்பதும், பட்டறைக்காரனிடமிருந்து லேத்தை எடுப்பது எழுதுபவனிடமிருந்து கண்ணை எடுப்பது போன்றது என்பதும் அன்று என் அறிவுக்கு எட்டவில்லை. இவ்வளவையும் அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. "பார்க்கலைண்ணே" என்று மட்டும் சொன்னேன். அவர் மறுபடி இயந்திரத்தை ஓட்டினார். அன்று மேற்கொண்டு பதினாறு பின் முடித்தோம்.

இதை வாசிக்கும் பட்டறைக்காரர் எவரேனும், இனி லேத்தே வேண்டாம் போலிருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். இந்த முறைக்கு எல்லை உண்டு. வெளியே நீட்டும் நீளம் கனத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் போனால் கம்பி வளைந்து கொடுக்கும். சக்கின் பின்னால் திருகுத் தண்டு இருப்பதால் நீண்ட கம்பியை அப்படியே நுழைத்து வெட்டி வெட்டி எடுக்க முடியாது. முன்கூட்டியே துண்டாக்க வேண்டும். ஸ்பிண்டில் சுற்றுக்கும் மேசை நகர்வுக்கும் பற்சக்கரத் தொடர்பு இல்லாததால் கத்தியால் மரை வெட்டவும் இயலாது. துளை மட்டும் போடலாம்: வைஸில் டிரில்லை நுனி மேலாக நிறுத்தி, சுழலும் ஜாப்பை அதன்மேல் இறக்க வேண்டும். டிரில் சுழலாமல் நிற்க, கம்பி சுழன்று துளைபடுவதை முதன்முதலாகப் பார்க்கையில் கண் சற்று மயங்கும். சுழலவிட முடியாத வடிவத்தில் ஜாப் இருந்தால், அதை மேசையில் நிறுத்திவிட்டு, போரிங் ஹெட்டில் கத்தியை உள்நோக்கித் திருப்பி மாட்டி, ஜாப்பைச் சுற்றி வரச் செய்து முளையை உருட்டலாம். அண்ணன் அதையும் ஒரு வார்ப்புத் துண்டில் செய்து பார்த்துவிட்டார்.

பின்களைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது முன்னூறும் தேறின. சரிவான அந்த இருபதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, கூடுதலாக இருபது செய்திருந்தோம். பணம் கைக்கு வந்ததும் அண்ணன் சக், கோலெட் விலையை எண்ணி என் சட்டைப் பையில் வைத்தார். நான் திருப்பி எடுத்து மேசை இழுப்பறையில், அத்தாவின் கத்திகளோடு போட்டேன். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பணம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. பழைய லேத் ஒன்று விலைக்கு வந்தால் முன்பணத்துக்கு ஆகட்டும் என்று தாயார் சொல்லியிருக்கிறார்கள். என் பங்கில் செலவழியாமல் மிஞ்சியிருப்பதையும் அதில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அண்ணன் வாங்கிக் கொள்ள ஒரு மாதம் ஆயிற்று.

இப்போது அதே வாடிக்கையாளர் 500 பின் கேட்கிறார். கம்பியை இம்முறை அவர்களே தருவார்களாம். வந்து இறங்கியது மெருகில்லாத கறுப்பு ராடு. அளந்தால் 12-க்கு மேல் இரண்டு பத்தில் ஒரு பங்கு கூடுதல். எங்கள் 12 கோலெட்டில் அது நுழையவே இல்லை. நேற்று மஃரிபுக்குப் பிறகு அண்ணன் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, நாளைக்கு வர்றப்ப 13 கோலெட் ஒண்ணு வாங்கிட்டு வா. ஈ.ஆர். 32-ன்னு கேட்டு வாங்கு. போன தடவை மாதிரி மரையில மாட்டாமச் செருகிடாதே."